தமிழன் இதழ் கண்ட பண்டிதர் அயோத்திதாசர்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கெனப் பழைய நிழற்படங்களையும் ஏடுகளையும் தேடி எடுத்தோம். சங்கத்தின் முதற்கூட்டத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. வரிசையில் நிற்பவர்களுள் பாதிப் பேருக்கு மேல் யாரென்று சொல்ல இன்று எவரும் இல்லை. படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. முதல் மூன்றாண்டு நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கறையான் தின்றுவிட்டது. இருபத்தைந்தே ஆண்டுகள்தாம் கடந்துள்ளன. அதற்குள் நம் வரலாற்றின் ஒரு பகுதி நம் கண்ணெதிரே மண்ணாயிற்று. இதில் பிறரைக் குறை கூற இடமில்லை, பிழை நம்முடையதே.

இந்த மனவருத்தத்தோடுதான் பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்வை நம் இளைஞர்க்குச் சொல்ல முற்படுகிறோம். அவர் இதழாளர், மருத்துவர், சமயச் சீர்திருத்தர், தமிழ்ப் புலவர். எனினும் அவர் மறைந்து பல பத்தாண்டுகள் வரை பாடநூல்களில் அவர் பெயர் இல்லை. அவர் எழுதாமல் போனதால் நேர்ந்த குறையன்று இது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதி, அச்சிட்டு, ஊர்தோறும் அனுப்பியவர் அவர். அந்தத் தாள்களை யார் காத்தார், யார் காக்கத் தவறினார் என்பதே கதையின் பெரும்பகுதியாகும்.

இளமையும் கல்வியும்

பண்டிதர் 20-5-1845 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். குடும்பத்தில் தமிழ் மருத்துவமும் தமிழ்ப் புலமையும் வழிவழியாக இருந்தன. அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலத் துரை ஒருவரிடம் சமையற்பணி புரிந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் அத்துரையிடம் கொடுத்ததாகவும், அச்சுவடி எல்லிசு துரையின் கைக்குச் சென்று அச்சேறும் வாய்ப்பைப் பெற்றதாகவும் பண்டிதர் பிற்காலத்தில் எழுதி வைத்தார். ஓர் ஏழை வீட்டுப் பரணில் கிடந்த ஏடு நாட்டின் பொதுச் செல்வமாயிற்று என்னும் இக்குடும்ப நினைவு, ஏடுகளின் அருமையை அவர்க்கு இளமையிலேயே உணர்த்தியிருத்தல் வேண்டும்.

அவர் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர்பால் கொண்ட பேரன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆசிரியரின் பெயர் மாணவரால் நிலைத்த அரிய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

நீலகிரியில் வாழ்ந்த காலத்திலேயே பொதுப்பணி தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒடுக்கப்பட்ட மக்களை இழிபெயரிட்டுக் குறிக்காமல் பூர்வத் தமிழர் எனப் பதிவு செய்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். அரசினர் ஏட்டில் ஒரு மக்கள் கூட்டம் எப்பெயரால் எழுதப்படுகிறதோ, அப்பெயராலேயே நாளை அதற்கு நீதியும் அநீதியும் வழங்கப்படும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1-12-1891 அன்று உதகமண்டலத்தில் திராவிட மகாசன சபையின் மாநாட்டை அவர் கூட்டினார். கல்வி, அரசுப் பணி, பொதுக் கிணற்றில் நீரெடுக்கும் உரிமை, இழித்துப் பேசுவோரைத் தண்டிக்கச் சட்டம் முதலியவற்றைக் கோரிப் பத்துத் தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. மறு ஆண்டு சென்னையில் நடந்த மகாசன சபைக் கூட்டத்திற்கு நீலகிரிப் பேராளராகச் சென்றார். சிவன் கோயிலிலும் திருமால் கோயிலிலும் எம்மக்கள் வழிபட இசைவீர்களா என்று அவர் கேட்டபோது அவை கூச்சலிட்டது. அவர் சினந்து வெளியேறவில்லை. இலவசப் பள்ளிகளும் தரிசு நிலங்களும் வேண்டும் என்ற கோரிக்கைகளை முன்வைத்து, அவற்றுக்கு அவையின் ஒப்புதலைப் பெற்றே திரும்பினார். வாயில் அடைக்கப்பட்ட இடத்தில் நின்று புலம்பாமல், பள்ளியையும் நிலத்தையும் நோக்கி நடந்த அந்த அறிவுடைமை நம் இளைஞர் எண்ணத்தக்கது.

புத்த நெறியும் மருத்துவமும்

பிரம்மஞான சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான கர்னல் ஆல்காட், 1894-ஆம் ஆண்டில் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அவரோடு பண்டிதர்க்கு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. 1898-ஆம் ஆண்டில் இருவரும் இலங்கை சென்றனர். கொழும்பில் சுமங்கல தேரர் முன்னிலையில் பண்டிதர் புத்த நெறியை ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். நாகபுரியில் 14-10-1956 அன்று அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு புத்தம் தழுவியதற்கு 58 ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி இது.

பண்டிதரோடு அச்சங்கத்தில் உழைத்தவர் பேராசிரியர் இலட்சுமி நரசு. புத்த சமயத்தின் சாரத்தை விளக்கி அவர் எழுதிய ஆங்கில நூல் 1907-இல் வெளிவந்தது. அந்நூலை 1948-இல் அண்ணல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். இராயப்பேட்டைக்கும் நாகபுரிக்கும் இடையே ஓடும் இழை வெறுங்கற்பனை அன்று. அச்சிட்ட நூலொன்றின் வழியே கைக்குக் கை மாறி வந்த இழையாகும்.

வயிற்றுப் பிழைப்புக்கு அவர் கொண்ட தொழில் மருத்துவம். இராயப்பேட்டையில் அவரிடம் மருந்துண்டு நலம் பெற்றவர் பலர். நடக்க இயலாமல் இளமையில் துன்புற்ற திரு.வி.க. அவர்கள், பண்டிதரின் மருத்துவத்தால் நலம் பெற்றதைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியுடன் பதிந்துள்ளார். பின்னாளில் தமிழகத்தின் பெரும் இதழாளருள் ஒருவராய் விளங்கியவரைக் காலூன்றி நடக்கச் செய்த கை, மற்றோர் இதழாளரின் கை என்பது எண்ணி மகிழத்தக்கது.

இதழ் பிறந்தது

ஒடுக்கப்பட்டோர் இதழ் நடத்துதல் அக்காலத்தில் புதுமையன்று. சூரியோதயம் 1869-இலும், பஞ்சமன் 1871-இலும் தோன்றியவை. 1885-இல் பாதிரியார் ஜான் இரத்தினத்தோடு இணைந்து பண்டிதரே திராவிட பாண்டியன் இதழில் பணி புரிந்தார். மகாவிகடதூதன் 1886-இல் வந்தது. பண்டிதரின் மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பறையன் என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கி, இழிசொல் எனக் கருதப்பட்டதைத் தலைநிமிர்ந்து சொல்லும் பெயராக்கினார். எழுத்தறிவு சிலர்க்கே வாய்த்திருந்த காலத்தில், பள்ளியின் வாயில்கள் அடைபட்டிருந்த மக்களிடமிருந்து இத்தனை இதழ்கள் எழுந்தன என்பதை நம் இளைஞர் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். நாம் எழுதப் பிந்தியவர்கள் அல்லோம். எழுதியதைச் சேர்த்து வைக்கத் தவறியவர்கள் ஆவோம்.

19-6-1907 அன்று, புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழின் முதல் தாள் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. நான்கே பக்கம். விலையே பெயரின் பகுதியாக அமைந்தது. பெரும் பொருள் படைத்தோர் துணையின்றி, எளியோரின் சிறு காசை நம்பி நிற்கும் இதழ் என்பதை அப்பெயரே அறிவித்தது. அப்போது ஆசிரியர்க்கு அகவை 62. ஓய்வெடுக்கும் அகவையில் வாரந்தோறும் தாள் நிரப்பும் பெருஞ்சுமையைத் தோளில் ஏற்றினார். 26-8-1908 முதல் இதழின் பெயர் தமிழன் எனச் சுருங்கிற்று. ஒடுக்கப்பட்டோர் நடத்தும் ஓர் இதழுக்குத் தமிழன் எனப் பெயரிட்டதில் அவர் கொள்கை முழுவதும் அடங்கியிருந்தது. இந்நாட்டின் தொல்குடியினர் நாங்களே. எங்களை விலக்கிவிட்டுத் தமிழர் என ஒரு கூட்டம் இல்லை என்பதே அதன் பொருள்.

அச்சுத்தொழில் அந்நாளில் எத்தகைய உழைப்பைக் கேட்டது என்பதை இன்றைய இளைஞர் அறிதல் நலம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்து, வரியாக்கி, பக்கமாக்கி, மை தடவி அழுத்துதல் வேண்டும். அச்சிட்டு முடித்தபின் அதே எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் இட்டால்தான் அடுத்த பக்கத்தைக் கோக்கலாம். அன்பர்கள் துணையால் பின்னர்ச் சொந்தமாகக் கௌதம அச்சுக்கூடம் அமைந்தது. ஒருபால் நோயாளிக்கு மருந்து, ஒருபால் அச்சுக்கூடம், ஒருபால் சங்கக் கூட்டம் என அவர் நாள்கள் கழிந்தன.

இதழில் என்ன எழுதினார்? அரசியல், சமயம், இலக்கியம், மருத்துவம், வேளாண்மை, கைத்தொழில், பெண்கல்வி எனத் தொடாத துறை இல்லை. வாசகர் ஐயங்களுக்கு விடை எழுதினார். இந்நாட்டின் பழைய வரலாற்றைப் புத்த நெறியின் வழி நின்று மாற்றிச் சொல்லும் இந்திரர் தேச சரித்திரத்தைத் தொடராக எழுதினார். புத்தர் வரலாற்றையும் அறத்தையும் விரித்துரைக்கும் ஆதிவேதம் 1912-இல் நூலாயிற்று. திருக்குறளுக்கு அவர் எழுதி வந்த உரை, மறைவினால் முற்றுப்பெறாமல் நின்றது.

சுதேசிய இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. தேசியப் பற்றை ஊட்டும் இதழ்கள் பல வெளிவந்துகொண்டிருந்தன. பண்டிதர் அவ்வெள்ளத்தோடு செல்லவில்லை. நாளை கிடைக்கும் ஆட்சியில் எம்மக்களுக்கு இடம் யாது, கிணற்றைத் தொட விடாதவர் ஆட்சியைப் பகிர்வரோ என்னும் வினாவை வாரந்தோறும் எழுப்பினார். இதனால் அவர் மீது பழி வந்தது. ஆங்கில ஆட்சியிடம் அவர் வைத்த நம்பிக்கை மிகுதியானது என இன்று சொல்வோரும் உளர், அது விவாதித்தற்குரியதே. ஆனால் அவர் எழுப்பிய வினா அரசியல் சட்டம் இயற்றும் காலம் வரையும், அதற்குப் பின்னும் விடை வேண்டி நின்றது என்பதை மறுத்தல் அரிது.

தாளைக் காத்தவர்கள்

தமிழன் சென்னையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களில் சாக்கிய சங்கக் கிளைகள் இருந்தன. அங்கெல்லாம் இதழ் சென்றது. இவற்றுள் தங்கவயலைத் தனியே கூறுதல் வேண்டும். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நிலமின்றியும் மதிப்பின்றியும் புறப்பட்ட நம் மக்கள், அங்கே பொன் வெட்டச் சுரங்கத்தில் இறங்கினர். அச்சுரங்கங்கள் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றவை. வெப்பமும் பாறை வெடிப்பும் உயிரைக் கவ்வும் அவ்விருளிலிருந்து மேலே வந்து, குளித்து, விளக்கடியில் தமிழன் படித்தார்கள். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, எழுத்தறியாதார் சூழ அமர்ந்து கேட்டார்கள். ஊரில் சேரிக்குள் அடைபட்டிருந்தவர்க்குத் தங்கவயலில் மாதக் கூலி கிடைத்தது. அக்கூலியின் ஒரு துளி, இதழாகவும் நூலாகவும் மாறிற்று.

5-5-1914 அன்று பண்டிதர் இயற்கை எய்தினார். இறுதிவரை இதழ் அவர் கையில் இருந்தது. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார், பின்னர் நின்றது. 1926-இல் தமிழன் மீண்டும் எழுந்தபோது, அது தங்கவயலில்தான் எழுந்தது. பேரறிஞர் அப்பாதுரையார் ஆசிரியராயிருந்து 1930-களிலும் அதனை நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறுசிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பிற்று.

இதன்பின் நெடிய மறதி. தமிழக இதழியல் வரலாறு எழுதியோர் பலர் அவரைக் கடந்து சென்றனர். எனினும் தாள்கள் அழிந்துவிடவில்லை. எங்கே இருந்தன? பெரும்பாலும் எளிய வீடுகளில், மரப்பெட்டிகளில், பாட்டனார் படித்த இதழ் என்னும் ஒரே காரணத்திற்காக எறியாமல் வைத்த குடும்பங்களில். சென்னையில் அன்பு பொன்னோவியம் போன்ற அறிஞர்கள் பழைய தமிழன் இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பல்லாண்டு காத்தனர். அச்சேமிப்புகளின் துணைகொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் 1999-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழிந்தபின் அவர் குரல் மீண்டும் கேட்டது. 2005-இல் நடுவணரசு அவர்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 1-12-2023 அன்று சென்னை கிண்டியில் அவர்க்குச் சிலையும் மணிமண்டபமும் திறக்கப்பெற்றன.

சிலை வைக்க அரசால் இயலும். ஆனால் 1999-க்கு முன் மரப்பெட்டியில் தாள் இல்லாதிருந்தால், 2023-இல் சிலை வைக்க எவர்க்கும் தோன்றியிராது. இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

முழுமையாகக் கற்போம்

முழு எழுத்தும் கிடைத்ததால் வந்த மற்றொரு நன்மையும் உண்டு. போற்றுவதோடு ஆராயவும் நமக்கு வழி பிறந்தது. சொற்களுக்கு அவர் கூறிய பிறப்பு விளக்கங்கள் பலவற்றைப் பின்வந்த மொழியறிஞர் ஏற்கவில்லை. அவர் தாழ்த்தப்பட்டோர், தாழ்ந்தோர் என மக்களைப் பிரித்து, நம்மோடு ஒடுக்கப்பட்ட வேறு சில குலத்தாரை ஒதுக்கி எழுதிய இடங்களும் உள. இவற்றை மறைத்தல் நேர்மையன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவரும் ஒருவர்க்கொருவர் உடன்பிறந்தார் என்னும் நிலைக்கு நாம் வந்துள்ளோம். அவ்விடத்தில் நாம் பண்டிதரைக் கடந்து சென்றே ஆகவேண்டும். ஆசிரியர் பெயரைத் தாங்கியவர், தம் மாணவர் தம்மினும் ஒரு படி மேலே செல்வதைக் குறையாகக் கொள்ளார் என்றே நம்புகிறோம்.

நம் கடமை

இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கம் மேற்கொள்ள வேண்டுவது யாது? பெரும் பொருள் வேண்டா. உங்கள் வீட்டில் உள்ள பழைய படத்தை எடுத்து, மூத்தோரிடம் காட்டி, யார் யார் எனக் கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். மையால் எழுதினால் படத்தில் ஊறிவிடும். பழைய துண்டறிக்கை, பள்ளிச் சான்றிதழ், நிலப் பட்டா, சங்க இரசீது எதுவாயினும் எரிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். பழைய செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். அதனை மடிக்காமல், உலர்ந்த இடத்தில் வைத்து, நிழற்படப் படி எடுத்து இரண்டு இடங்களில் சேமித்தல் நலம். ஒரு படி சங்கத்தில் இருக்கட்டும்.

எழுத்தறிந்த பாட்டிமார் நம் ஊரில் மிகச் சிலரே. அவர்கள் மனமே ஏடு. அவ்வேட்டைக் கறையான் தின்னாது. ஆயின் காலம் கொண்டுபோகும். அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்டு எழுதுங்கள். வெள்ளி விழாவின் நினைவாகச் சங்க நூலகத்தில் இதற்கென ஓர் இரும்பு அலமாரி வைக்கிறோம். முதற்கூட்டப் படத்தை அதில் முதலாவதாக வைப்போம். அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதியாயிற்று. தெரியாதவர்க்கு இடம் விட்டுள்ளோம். இம்மலரைப் படிக்கும் எவரேனும் அப்படத்தில் தம் தந்தையையோ பாட்டனாரையோ கண்டால், வந்து அவ்விடத்தை நிரப்புவாராக.

நான்கு பக்கத் தாள் ஒன்று, சுரங்கத் தொழிலாளரின் பெட்டியில் உறங்கி, நூறாண்டைக் கடந்து வந்து நம் கையில் நிற்கிறது. பொன் வெட்டிய கைகள் பொன்னைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை, தாளை வைத்துக்கொண்டன. பொன் எடுத்த சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தாள் இன்னும் பேசுகிறது. அதனைக் கேட்கும் செவியும், அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் கையும் நமக்கு வாய்ப்பதாக.

வாழ்க பண்டிதர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!